நிலையறிவிக்கும் பதிவகங்களின் வரலாறு

ஆய்வுகூடக் கருவிகளுக்கு வேண்டிய உவோற்றளவையும் மின்னோட்டத்தையும் அளந்து கொடுப்பது மின்வழங்கி. முன்னாளில் அதனை இயக்குவோன் அதன் முன்னே அமர்ந்திருந்தான்; மானியின் முள் அசைவதையும் எச்சரிக்கை விளக்கு எரிவதையும் தன் கண்ணாற் கண்டான். அவன் இடத்தைக் கணினி பெற்றபோது அக்கண் இல்லாதொழிந்தது. தொலைவிலிருந்து கட்டளையிடுதல் எளிதாயிற்று. கட்டளை பெற்ற கருவிக்கு யாது நேர்ந்தது என அறிதலே அரிதாயிற்று. இக்குறை தீர்க்க எழுந்தவையே நிலையறிவிக்கும் பதிவகங்கள். கட்டளைகளின் வரலாற்றினும் இவற்றின் வரலாறு சுவையுடையது என்பது எம் கருத்து.

அமெரிக்காவின் ஹியூலற்-பக்காட் நிறுவனம் தன் கருவிகளை இணைத்தற்கு வகுத்த முறை, 1975இல் ஐ.இ.இ.இ. 488 என்னும் நியமமாயிற்று. அதன் பதினாறு சைகைக் கம்பிகளுள் ஒன்று சேவை கோருதற்கென ஒதுக்கப்பட்டது. கருவிகள் அனைத்துக்கும் அக்கம்பி பொது. ஆதலின் அது உயிர்பெற்றால் யாரோ அழைக்கின்றார் என்பது மட்டுமே கணினிக்குத் தெரியும்; இருட்டறையில் எழுந்த குரல் போன்றது அது. அழைத்தவரை அறியக் கணினி ஒவ்வொரு கருவியையும் முறையே வினவும். ஒவ்வொன்றும் எட்டுத் துவித இலக்கங்கள் கொண்ட நிலைச்சொல் ஒன்றை விடையாகத் தரும். அதில் 64 என்னும் பெறுமானமுள்ள இடத்தில் 1 இருப்பின் அக்கருவியே அழைத்தது என்க. எஞ்சிய ஏழு இடங்களின் பொருளை நியமம் வரையறுக்கவில்லை. செய்தவர் விருப்பத்துக்கே விட்டது. இதனால் ஒரு நிறுவனத்தின் கருவிக்கு எழுதிய நிரல் மற்றொன்றின் கருவிக்கு உதவாது போயிற்று.

இனி, மின்வழங்கிக்கே உரிய இடர்ப்பாட்டினை நோக்குவாம். நிலையான உவோற்றளவில் இயங்கும் வழங்கியில், சுமை வரம்புக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்க முற்பட்டால், வழங்கி நிலையான மின்னோட்டத்துக்கு மாறி உவோற்றளவைத் தாழ்த்தும். இம்மாற்றம் ஒரு செக்கனின் சிறு பின்னமே நீடித்து நீங்கலாம். செக்கனுக்கு ஒருமுறை வினவும் கணினி யாவும் நலமென்றே எழுதிக்கொள்ளும். சோதனைக்குட்பட்ட பொருளோ அவ்விடைவெளியிலே பழுதுபட்டிருக்கும்.

1980களில் வழங்கிய எச்.பி. 6624ஏ என்னும் நான்கு வெளியீட்டு வழங்கி இதற்குச் செவ்விய விடையளித்தது. அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நிலைப்பதிவகம் ஒன்று உண்டு. நிலையான உவோற்றளவு 1, நேர் மின்னோட்டவரம்பு 2, மிகையுவோற்று 8, மிகைவெப்பம் 16 என இடங்கள் வகுக்கப்பட்டன. அதன் அருகே திரள்நிலைப் பதிவகம் என ஒன்று வைத்தனர். கடைசியாக வாசித்த பின் ஒரு கணமேனும் தோன்றிய நிலை யாவும் அதிலே தங்கும். ஆகவே நிலைப்பதிவகம் 1 எனவும் திரள்பதிவகம் 3 எனவும் விடைகூறின், வரம்பைத் தொட்டு மீண்டது என்பது வெளிப்படை. மூன்றாவதான பழுதுப்பதிவகம், பயனாளர் முன்னரே குறித்த நிலைகள் புதிதாய்த் தோன்றும்போது மட்டும் பதியும். சேவை கோரும் கம்பியினும் இத்திரள்பதிவகமே பெரிய ஆக்கம் என யாம் கொள்வோம். கூப்பிடுதல் எளிது, நடந்ததை மறவாதிருத்தலே அரிது.

எனினும் இதிலொரு கேடுண்டு. வாசித்தவுடன் திரள்பதிவகம் பழையதை விடுத்து அப்போதைய நிலைக்கு மீளும், பழுதுப்பதிவகம் வெறுமையாகும். இரு நிரல்கள் ஒரே கருவியை வினவின் முந்தியது செய்தியைக் கொண்டேகும். பிந்தியதற்குப் பழுதே நிகழவில்லை.

1987இல் வந்த ஐ.இ.இ.இ. 488.2 நியமம், கட்டளைப் பிழை, நிறைவேற்றப் பிழை, மின் மீள வந்தமை முதலியவற்றுக்கு எட்டிடம் கொண்ட பொது நிகழ்ச்சிப் பதிவகத்தை வகுத்தது. வாசித்தால் அழிதல் அதற்கும் இயல்பு. 1990இல் கருவியாக்குவோர் கூடி வெளியிட்ட எஸ்.சி.பி.ஐ. மொழி, ஐயத்துக்குரிய நிலைகளுக்கும் இயக்க நிலைகளுக்கும் தனித்தனிப் பதினாறிடப் பதிவகங்கள் அமைத்தது. ஐயப்பதிவகத்தில் உவோற்றளவும் மின்னோட்டமும் வெப்பநிலையும் நிலையான இடம்பெற்றன. வியப்பு யாதெனின், வழங்கி உவோற்றளவை நிலைநிறுத்துகின்றதா, மின்னோட்டத்தையா என்னும் முதல் வினாவுக்கு அம்மொழி பொது இடம் ஒதுக்கவில்லை. ஆக்குவோருக்கென விட்ட இடங்களிலே ஹியூலற்-பக்காட் தன் 66 வரிசை வழங்கிகளில் 256ஐ முன்னதற்கும் 1024ஐப் பின்னதற்கும் கொண்டது. பிறர் கைக்கொண்ட இடங்களை அவரவர் கைநூலிலேதான் காணல் வேண்டும்.