இருபத்தாறு கேன் தண்ணீர்

குடிதண்ணீருக்கே ஒரு காலத்தில் திண்டாடிய ஊர் தூத்துக்குடி. அங்கே 1978-ல் தண்ணீர் தயாரிக்க ஒரு தொழிற்சாலை வந்தது! ஸ்பிக் உர ஆலையின் வாயுவிலிருந்து கன ஹைட்ரஜனைப் பிரித்துக் கனநீர் எடுத்தார்கள். அணு உலையில் நியூட்ரானின் வேகத்தை மட்டுப்படுத்த உதவும் சரக்கு. தொழில்நுட்பம் பிரெஞ்சுக்காரர்களுடையது.

அவர்கள் இந்தத் தண்ணீரைத் தேடி அலைந்த கதை தெரியுமா? அதன் நாயகர் ஒரு ரயில்வே இன்ஜினீயர். பெயர் ரவுல் தோத்ரி.

1880-ல் பிறந்தவர். 1918-ல், போருக்கு நடுவே, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ரயில் பாதையை நூறே நாளில் போட்டுக் கொடுத்தார். 1928-ல் அரசு ரயில்வேயை அவர் தலையில் கட்டினார்கள். நஷ்டத்துக்கும் தாமதத்துக்கும் பேர்போன நிறுவனம். ஒன்பது வருஷத்தில் நிமிர்த்திக் காட்டினார். 1939 செப்டம்பரில் மறுபடி போர். நாடாளுமன்ற உறுப்பினர்கூட இல்லாத மனிதரை ஆயுதத் துறை மந்திரி ஆக்கினார்கள்.

மேரி கியூரியின் மருமகன் பிரெடெரிக் ஜோலியோ அவரிடம் வந்து, யுரேனியம் ஆராய்ச்சிக்குக் கனநீர் வேண்டும் என்றார். நார்வேயில் மட்டும்தான் கிடைக்கும், ஜெர்மன்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மந்திரி கமிட்டி எதுவும் போடவில்லை. ஜாக் அல்லியே என்ற வங்கி அதிகாரியை ரகசியமாக அனுப்பினார்.

காமர்ஸ் படித்த எனக்கு அடுத்த காட்சிதான் அதிசயம். உலகத்தின் கையிருப்பே கிட்டத்தட்ட அந்த 185 கிலோதான். இப்படி ஒரு சரக்கு கையில் இருந்தால் வியாபாரி என்ன செய்வான்? நார்வே கம்பெனித் தலைவர் விலையே பேசாமல் கொடுத்துவிட்டார்!

1940 மார்ச். ஆம்ஸ்டர்டாம் விமானத்தில் ஏறுவதுபோலப் பாவனை செய்துவிட்டு, அல்லியே பக்கத்தில் நின்ற ஸ்காட்லாந்து விமானத்தில் கேன்களோடு பறந்துவிட்டார். ஆம்ஸ்டர்டாம் விமானத்தை ஜெர்மன் போர் விமானங்கள் மடக்கி ஹாம்பர்க்கில் இறக்கின. உள்ளே கனநீர் இல்லை! ஏப்ரல் 9-ல் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது.

ஜூனில் பிரான்ஸே விழுந்தது. கேன்களைக் கொஞ்ச நாள் ரியோம் ஊர்ச் சிறையில், மரண தண்டனைக் கைதிகளின் அறையில் வைத்திருந்தார்கள். பிறகு போர்தோ துறைமுகத்திலிருந்து நிலக்கரிக் கப்பலில் இங்கிலாந்துக்கு.

தோத்ரி கப்பலேறவில்லை. பதவி போய், லூர்மரான் கிராமத்தில் ஒதுங்கினார். 1944-ல் தெ கோல் கூப்பிட்டு மறுசீரமைப்பு மந்திரி ஆக்கினார். பிறகு பிரான்ஸின் புதிய அணுசக்தி ஆணையத்துக்கு நிர்வாகத் தலைவர். விஞ்ஞானத் தலைவராக உடன் இருந்தவர், தண்ணீர் கேட்டு வந்த அதே ஜோலியோ!