சேரி, காலனி, அடுத்து?

ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குப் பள்ளிகொண்டாவில் நிற்பவரிடம் "எந்த ஊரு?" என்றால் "பள்ளிகொண்டா" என்பார். கேட்டவருக்கு அது போதாது. "பள்ளிகொண்டாவுல எங்க?" அரங்கநாதர் பள்ளிகொண்டதால் வந்த ஊர்ப்பெயர் எல்லோருக்கும் பொது. அந்த இரண்டாம் கேள்விதான் ஆளை எடைபோடுகிறது.

'சேரி'க்கு வேர் 'சேர்'. சேர்ந்து வாழுமிடம், அவ்வளவே. சோழர் காலத்தில் பிராமணருக்குத் தானமாகத் தந்த ஊர்களான பிரமதேயங்களில் அவர்கள் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று அடைமொழி போட்டுப் பிரிக்கிறது. பின்னாளில் அடைமொழியே வேண்டாமல், சேரி என்றாலே தலித் குடியிருப்பு என்றாயிற்று. யாரும் ஆணை போட்டு இதைச் செய்யவில்லை. வாய்வழக்கே செய்து முடித்தது.

மனிதரைச் சமூக அமைப்பு ஆட்டிவைக்கிறதா, அமைப்பை மனிதர் ஆக்குகிறார்களா என்பது சமூகவியலின் தீராத வழக்கு. இரண்டும் ஒன்றையொன்று உண்டாக்குகின்றன என்று 1984இல் எழுதினார் அந்தனி கிடன்ஸ். இங்கே அதற்கு வெகுமுன்பே அந்த வழக்கைப் பெயர்களை வைத்தே நடத்தியிருக்கிறார்கள். 1893இல் தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவென்று வீசப்பட்டதை நிமிர்ந்து சூட்டிக்கொண்ட துணிச்சல் அது. இன்னொரு தலித் தலைவரான எம்.சி. ராஜா எதிர்வழியில் போனார்: அவர் முயற்சியால் 1922இல் 'பறையர்', 'பஞ்சமர்' நீங்கி, 'ஆதிதிராவிடர்' அரசு வழக்கில் ஏறியது.

சேரிக்கு மாற்றாக வந்தது காலனி. உழுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்து, ரோமானியக் குடியேற்றங்களுக்குப் பெயராகி, அரசு கட்டிக்கொடுத்த வீடுகளோடு நம் கிராமங்களுக்கு வந்த சொல். மயிலாப்பூர் சி.ஐ.டி. காலனி என்றால் மரியாதை. கிராமத்தில் வெறும் 'காலனி' என்றால் சாதி. எழுத்து ஒன்றுதான், நிலம் வேறு. 2025 ஏப்ரலில், அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சொல்லை மாற்றி என்ன பயன் என்று கேட்பவர்கள் பாதி சரி. வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்துக்குப் பெருமாள் பெயரேதான். 2019இல் அங்கே சுடுகாட்டுக்கு வழி கிடைக்காமல், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஆனால் ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும்கூட அமைப்பின் உறுப்புகள்தாம். அவற்றில் ஒரு சொல்லை அழிப்பது வீண்வேலை ஆகாது.

புதுப்பெயரை அத்தெருக்காரர்களே வைக்கட்டும். மனைப்பட்டாவும் சுடுகாட்டுப் பாதையும் அதே கோப்பில் சேர்ந்து போகட்டும்.