சாக்சபோனும் கருநாடக இசையும்

கோயில் வீதியில் நாதசுரம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தார்க்கு, ஐரோப்பியக் கருவியொன்றில் இராக ஆலாபனை கேட்பது முதலில் வியப்பையே தரும். பெல்சியத்தவரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சாக்சபோன், படைவாத்தியக் குழுக்களிலும் பின்னர் அமெரிக்க ஜாஸ் இசையிலும் இடம்பெற்றது. அதனைக் கருநாடக இசையரங்கில் நிலைநிறுத்தியவர் கத்ரி கோபால்நாத் (1949–2019) ஆவார்.

தென்கன்னட மாவட்டத்தில் நாதசுரக் கலைஞர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த இவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு அதன்பால் ஈடுபட்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார்.

இடர் கருவியின் அமைப்பிலேயே இருந்தது. நாதசுரத்தில் துளையை விரல் பகுதியாய்த் திறத்தலாலும் மூச்சின் ஏற்றத்தாழ்வாலும் கமகம் பிறக்கும். சாக்சபோனின் துளைகளையோ உலோக மூடிகள் அடைக்கின்றன. சுரங்கள் தனித்தனியே ஒலிக்கும். கருவியிற் சில மாற்றங்கள் செய்தும், இதழையும் மூச்சையும் பல்லாண்டு பழக்கியும் அவர் இவ்விடரை வென்றார்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவிலே அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி இவருடன் இணைந்து வாசித்தார். 1994இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்து பி.பி.சி. இசைவிழாவில் இவர் கச்சேரி நிகழ்ந்தது. அவ்வாண்டே ‘டூயட்’ திரைப்படம் இவர் வாசிப்பைத் தமிழர் இல்லந்தோறும் சேர்த்தது. 2004இல் பத்மசிறீ விருது பெற்றார்.

அயற்கருவி மரபைக் கெடுக்கும் என அஞ்சுவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் அரங்கேறிய வயலினை நினைதல் தகும். ஜாஸ் கலைஞரோடு மேடையேறியபோதும் கோபால்நாத் வாசித்தது இராகமே. தந்தையின் நாதசுரத்தில் இளமையிற் கேட்ட கமகத்தை அவர் கைவிட்டிலர். கருவியையே அதற்கு இணங்கச் செய்தார். அளவெட்டி, இணுவில் நாதசுர தவில் மரபுகளைப் போற்றும் நம் மாணவர் கருதற்பாலது இதுவே.