கூட்டணி

‘ஆசிரியர் கூட்டணி’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்த கல்லூரி மாணவர் ஒருவர், “எந்தக் கட்சியோட?” என்று கேட்டார். தேர்தல் செய்திகள் இந்தச் சொல்லை அவ்வளவு தூரம் இழுத்துப் போய்விட்டன. கூட்டு, அணி இரண்டுமே பழந்தமிழ். அணி என்றால் அழகு, நகை; வரிசை, படைப்பிரிவு என்றும் பொருள் உண்டு, ‘அணிவகுப்பு’ இதிலிருந்து வந்ததே. கூட்டின் உறவுச் சொற்கள் கூட்டாளி, கூட்டுறவு, கூட்டம். இந்தக் ‘கூட்டம்’ அக இலக்கணத்தில் காதலர் சேர்க்கை, கொங்கு நாட்டில் இன்றும் குலப்பிரிவு. கூட்டணிக்கு மாற்றாகச் சொல்லக்கூடிய சங்கம் வடமொழி, பாலி வழி வந்தது. பௌத்தத் துறவியரையும் மதுரைப் புலவரையும் சேர்த்துவைத்த அந்தச் சொல்லை விலக்கச் சொல்லமாட்டேன். யூனியன் சரிப்படாது. கிராமத்தில் யூனியன் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதன் பள்ளி ‘யூனியன் பள்ளிக்கூடம்’. ஆகவே, தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தங்கள் அமைப்புக்குக் கூட்டணி என்று பெயர் வைத்ததை மிக நல்ல தேர்வாகவே நினைக்கிறேன். வட்டாரக் கிளைச் செயலாளர் பள்ளி விட்டதும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போய், எங்கோ ஓராசிரியர் பள்ளியில் இருப்பவரின் பணிப்பதிவேட்டில் விட்டுப்போன பதிவுக்காகவும் நிலுவைச் சம்பளத்துக்காகவும் வாதாடுகிறாரே, அந்த உடன்நிற்றல்தான் அணி. தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டபோது அந்த உடன்நிற்றலின் விலையும் தெரிந்தது. கட்சிகளுக்குத் ‘தொகுதி உடன்பாடு’ என்ற பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது. பத்திரிகைகள் அதையே எழுதலாம்.