மூன்றரை சென்டிமீட்டர் வெண்கலம்

இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம்வீர் சக்ராவில் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. மூன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கல வில்லை, ஊதா நாடா. நடுவில் சிங்க முத்திரை, அதைச் சுற்றி நான்கு வச்சிராயுதங்கள். இதை வடிவமைத்த சாவித்திரி கானோல்கர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, வடமொழியும் புராணங்களும் கற்றவர். வச்சிராயுதத்துக்காகத் தன் எலும்பையே ஈந்த ததீசி முனிவரின் கதை அவருடைய வடிவத்துக்குள் இருக்கிறது. 1950 ஜனவரி 26-ல் விருது நிறுவப்பட்டது. முதல் பதக்கம் மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. அவர் சாவித்திரியின் மருமகனுக்குச் சகோதரர். ஆனால் அவர் உயிரோடு வந்து அதை வாங்கவில்லை.

இதுவரை இதைப் பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேருக்கு இறந்த பிறகுதான் கிடைத்தது. அந்த 14-ல் ஒன்று பம்பாயின் மாட்டுங்கா பையனுடையது.

ராமசாமி பரமேஸ்வரன் 1946-ல் பம்பாயில் பிறந்தார். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் உள்ள எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியில் படித்தார். தாராவிக்குப் பக்கத்தில், சயானில் உள்ள எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் 1968-ல் பட்டம் வாங்கினார். அந்த வட்டாரத்துத் தென்னிந்தியப் பையன்கள் பட்டம் வாங்கியதும் ரயில்வே, வங்கி என்று விண்ணப்பம் போட்ட காலம். இவர் பட்டாளத்துக்குப் போனார். சென்னையில் பயிற்சி முடித்து, 1972-ல் மகர் ரெஜிமென்டில் அதிகாரியானார். தலித் சமூகமான மகர்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளையர் நிறுத்தியிருந்தபோது, மீண்டும் சேர்க்கச் சொல்லி வாதாடியவர் அம்பேத்கர். 1941-ல் அந்த ரெஜிமென்ட் உருவானது.  சிப்பாய்களுக்குப் பரமேஸ்வரன் 'பாரி சாஹிப்'.

1987-ல், இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்ட அமைதிப்படையில், 8-வது மகர் பட்டாலியனோடு இலங்கைக்குப் போனார். நவம்பர் 25, யாழ்ப்பாணம் கந்தரோடை. இரவில் ஆயுதம் தேடிவிட்டுத் திரும்பிய அவருடைய அணியை விடுதலைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். அவர் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து பாய்ந்தார். கைகலப்பில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். அவன் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். மூச்சு நிற்கும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். பரமேஸ்வரனுக்கு அப்போது வயது 41. இலங்கை நடவடிக்கையில் தரப்பட்ட ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. 

பரமேஸ்வரன் என்ற பெயர் அதன்பின் வெகுதூரம் போயிருக்கிறது. சென்னை ஆற்காடு சாலையில் ராணுவத்தினர் குடியிருப்பு ஒன்று, பரமேஸ்வரன் விஹார். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் மார்பளவுச் சிலை. 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்கு 21 பேரின் பெயரைச் சூட்டியபோது, இவர் பெயரும் ஒரு தீவுக்குப் போனது.

தமிழ் மனசுக்குள் வருவதுதான் அந்தப் பெயருக்குக் கஷ்டமாக இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. கந்தரோடைக்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 21-ல், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் மருத்துவர்களும் தாதிகளும் நோயாளிகளும் இறந்தார்கள். 'இந்தியன் ஆமி' என்ற சொல் அங்கே எதை நினைவூட்டுகிறது என்பது வயதானவர்களைக் கேட்டால் தெரியும். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களுக்காக வாய்விட்டு அழவும் இங்கே தயக்கம்.

சிப்பாய் போரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் ஒப்பந்தம் எழுதியவர்கள். அவர்களிடம் கணக்குக் கேட்பதையும் பரமேஸ்வரனுக்கு மாலை போடுவதையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்ததால்தான் இரண்டையுமே அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் பெயர்களை மறைக்காமல் சொல்லக்கூடிய சமூகத்தால்தான், மாட்டுங்காக்காரரின் பெயரையும் கூசாமல் சொல்ல முடியும்.