எஃப்.என்.8 என்றொரு நாடும் 807 என்றொரு வால்வும்

‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களின் நாட்டுப் பட்டியலில், நீக்கப்பட்ட நாடுகளுக்கென ஒரு தனிப்பகுதி உண்டு. அமெரிக்க ரேடியோ ரிலே லீக் பேணிவரும் அப்பகுதியில் பிரெஞ்சிந்தியாவும் இருக்கிறது. எஃப்.என்.8 அதன் அழைப்புக்குறி முன்னொட்டு. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் யாவும் அதனுள் அடக்கம். 1954 அக்டோபர் 31 வரை நிகழ்ந்த தொடர்புகளே செல்லும். மறுநாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது. ஹாம்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

போருக்குப் பிந்திய அப்பட்டியலின் கணக்கு 1945 நவம்பர் 15இல் தொடங்குகிறது. ஆக, வானொலி வரைபடத்தில் காரைக்கால் தனிநாட்டின் பகுதியாக இருந்தது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். அவை ஹாம் கருவிகளின் வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கவை. 1939இல் பிரிட்டிஷ் இந்திய அரசு, ஹாம்கள் தம் ஒலிபரப்புக் கருவிகளை ஒப்படைக்க ஆணையிட்டது. போர் முடிந்ததும் இராணுவ உபரிப் பொருள்கள் உலகெங்கும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பெயர்பெற்றது 807 வால்வு. ஒலிப்பெருக்கிக்கென உருவான 6எல்6 வால்வைத் தழுவி, 1936இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்டது. ஆனோடு இணைப்பு உச்சந்தலையில். தொடர் உழைப்பில் 600 வோல்ட் வரை தாங்கும்.

அக்காலப் பெருக்கிகள் இன்றும் பரணிலிருந்து இறங்குவதுண்டு. அவற்றின் பிணி பெரும்பாலும் ஒன்றே: சற்று நேரத்தில் ஆனோடு சிவந்து கனலும், ஃபியூஸ் போகும். வால்வை மாற்றினால் சில வாரம் ஓடும். பிறகு அதே கதை.

குற்றவாளி பெரும்பாலும் வால்வு அன்று, அதற்கு முன்னுள்ள இணைப்புக் கண்டென்சர். மெழுகிட்ட காகிதத்தாலான அது கடலோர ஈரத்தை உறிஞ்சுகிறது. மின்காப்பு நலிந்து, முந்தைய வால்வின் நேர் மின்னழுத்தம் கிரிட்டில் கசிகிறது. எதிர்மறையாக இருக்கவேண்டிய கிரிட் தளர, மின்னோட்டம் கட்டுமீறுகிறது. கண்டென்சரின் கிரிட் பக்க முனையைக் கழற்றியபின் சிவப்பு அடங்கினால் ஐயம் தீர்ந்தது.

இரண்டாவது பிணி மறைவானது. 807க்குப் பெருக்கும் திறன் மிகுதி. நீண்ட இணைப்புக் கம்பிகளே சுருளாகி, நாம் நாடாத உயர் அதிர்வெண்ணில் அது தானே அலைவுறும். ஸ்கிரீன் மின்தடை கருகும். அங்கே பெரிய மின்தடை வைப்பது நோயை மூடிவைப்பதே. கம்பிகளைக் குறுக்கி, கிரிட் முனையை ஒட்டிச் சிறு மின்தடையும், உச்சி இணைப்பில் மின்தடைமேல் சுற்றிய சில சுற்றுக் கம்பியும் இடுவது பழைய மருந்து. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் வடிகட்டிக் கண்டென்சர்களில் உயிர்கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வடித்த பிறகே கைவைக்க வேண்டும்.

காரணம் காணாமல் மாற்றப்படும் ஒவ்வொரு வால்வும் குறைந்துவரும் பழைய கையிருப்பில் ஒன்றைத் தின்றுவிடுகிறது. எஃப்.என்.8 கணக்கில் இனி ஒரு தொடர்பையும் சேர்க்க முடியாது. அதன் காலத்துப் பெருக்கியை மட்டும், சில ரூபாய்க் கண்டென்சர் ஒன்றால், இன்றும் பேசவைக்கலாம்.