கன்னியாகுமரினு டக்குனு சொல்லிட்டீங்களா? இந்தியா க்விஸ்ல நாம கோட்டை விடுற கேள்விகள்!

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஞாயிறு ராத்திரி 9 மணி ஆனா 'இந்தியா க்விஸ்' ஆரம்பிச்சிடும். வாரம் 10 கேள்வி. எல்லாமே இந்தியாவைப் பத்தி மட்டும்தான். யார் முதல்ல சரியா டைப் பண்றாங்களோ அவங்களுக்கு பாயின்ட். ஜெயிச்சவங்கதான் அடுத்த வார க்விஸ் மாஸ்டர். லாக்டௌன்ல பொழுது போகாம தொடங்கினது, இன்னமும் ஓடிக்கிட்டிருக்கு.

போன மாசம் ஒரு வாரம் சித்தப்பா க்விஸ் மாஸ்டர். "இந்தியக் கடற்கரையின் நீளம் எவ்வளவு?"னு கேட்டார். குரூப் 4-க்குப் படிச்சிட்டிருக்கிற என் தம்பி "11,098 கி.மீ"னு தட்டினான். "தப்புடா. 7,516"னு சொல்லிட்டு, பாயின்ட்டைத் தூக்கி அத்தைக்குக் கொடுத்துட்டார் சித்தப்பா. கையில இருந்த பொது அறிவு புத்தகத்தை போட்டோ எடுத்தும் போட்டார். அரை மணி நேரம் குரூப்ல ஒரே ரகளை.

எங்களுக்கு அது ஒரு பாயின்ட், அவ்வளவுதான். தம்பிக்கு அப்படி இல்லை. குரூப் 4-ல 200 கேள்விக்கு 300 மார்க். அதாவது, ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். லட்சக்கணக்கான பேர் எழுதுற தேர்வுல ஒன்றரை மார்க் குறைஞ்சா ரேங்க் எங்கேயோ போய் நிக்கும். "எதைக்கா படிக்கிறது? சித்தப்பா புக்கையா, நியூஸையா?"னு தனியா மெசேஜ் போட்டான். அவனுக்காகத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

நீங்களும் விளையாடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை மனசுல வச்சுக்கிட்டு அப்புறமா ஸ்க்ரோல் பண்ணுங்க. கூகுள் கூடாது!

கடற்கரை வளர்ந்துச்சா?

முதல்ல அந்தச் சண்டையையே எடுத்துக்குவோம். சித்தப்பா சொன்ன 7,516.6 கி.மீ, பல வருஷமா பாடப்புத்தகங்கள்ல இருந்த எண். 1970-களில் அளந்தது. தம்பி சொன்னதுதான் இப்போதைய கணக்கு: 11,098.81 கி.மீ. மத்திய உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் இந்த எண் வந்தது.

ஏறத்தாழ 3,582 கி.மீ கூடியிருக்கு. கடல் ஒண்ணும் அவ்வளவு தூரம் நகரலை. அளக்கப் பயன்படுத்துன மேப் மாறியிருக்கு, அவ்வளவுதான். பழைய மேப்பில் ஒரு சென்டிமீட்டர்னா நிஜத்துல 45 கி.மீ. புதுசுல ஒரு சென்டிமீட்டர் வெறும் இரண்டரை கி.மீ. மெரினா மாதிரி நேரா இருக்கிற கரைக்கு இதனால பெரிசா வித்தியாசம் வராது. ஆனா கழிமுகம், சின்னச் சின்ன ஓடை, உள்வாங்கின வளைவெல்லாம் பழைய மேப்ல ஒரே கோடா மறைஞ்சுபோயிருந்துச்சு. ஜூம் பண்ணினதும் அதெல்லாம் கணக்குல வந்துடுச்சு. சுந்தரவனக் காடுகள் இருக்கிற மேற்கு வங்கத்தையே பாருங்க, 157 கி.மீ-ல இருந்து 721-க்குத் தாவியிருக்கு!

இதுல இன்னொரு கேள்வியும் சேர்ந்து மாறிப்போச்சு. நீளமான கடற்கரை உள்ள மாநிலம் எதுன்னா அன்னைக்கும் இன்னைக்கும் குஜராத்துதான். ரெண்டாவது எது? ஆந்திரான்னு படிச்சிருப்போம். பழைய கணக்குல ஆந்திரா சுமார் 974 கி.மீ, தமிழ்நாடு சுமார் 907. புதுக் கணக்குல ஆந்திரா 1,053, தமிழ்நாடு 1,068. ரெண்டாவது இடம் இப்ப நமக்குத்தான். இந்த ஒரு பதிலைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்சம் சமாதானம் ஆனார்.

கன்னியாகுமரிக்கும் கீழே

இந்தியாவின் தென்கோடி முனை எது? டைட்டிலைப் பார்த்ததுமே உஷார் ஆகியிருப்பீங்க. கன்னியாகுமரி, இந்திய நிலப்பரப்பின் தென்கோடி. 'நிலப்பரப்பு'ங்கிற வார்த்தை கேள்வியில் இல்லைன்னா பதில் இந்திரா முனை. நிக்கோபார் தீவுக்கூட்டத்துல, கிரேட் நிக்கோபாரின் தெற்கு நுனியில் இருக்கு. அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு 200 கி.மீ-க்கும் குறைவான தூரம்தான்.

2004 சுனாமிக்குக் காரணமான அந்த நிலநடுக்கத்துல இந்திரா முனைப் பகுதி நிலமே நாலு மீட்டருக்கு மேல கீழே இறங்கிடுச்சு. கரையில நின்ன கலங்கரை விளக்கத்தோட அடிப்பகுதி தண்ணிக்குள்ள போச்சு. நாம ஒரு மார்க் பதிலா மனப்பாடம் பண்ற அந்த முனையில, டிசம்பர் 26 அன்னைக்கு மனிதர்களும் பலியானாங்க. எனக்கு இதைப் படிச்சதுல இருந்து அந்தக் கேள்வியை விளையாட்டா கேட்கத் தோணலை.

இதே மாதிரி ஒரு வார்த்தையில் கவுக்கிற கேள்விகள் நிறைய. உலகிலேயே சராசரியா அதிக மழை பெறும் இடம் எதுன்னு கேட்டா மௌசின்ராம். சிரபுஞ்சின்னு எழுதினா மார்க் போச்சு. ஆனா 'தொடர்ந்து 12 மாதங்களில் மிக அதிக மழை பதிவான இடம்'னு கேட்டா அதே சிரபுஞ்சிதான் சரி. 1860 ஆகஸ்ட்டிலிருந்து 1861 ஜூலை வரைக்கும் அங்க 26,461 மி.மீ கொட்டியிருக்கு. ரெண்டு ஊருமே மேகாலயாவில் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதால குழப்பம் சகஜம்.

உயரமான சிகரத்துலயும் இதே பஞ்சாயத்துதான். காட்வின் ஆஸ்டின்னும் சொல்லப்படுற கே2 8,611 மீட்டர், கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். கே2 இருக்கிறது பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியில். அதையும் இந்தியாவோடு சேர்த்து எண்ணுற புத்தகம் கே2-ன்னும், எண்ணாத புத்தகம் கஞ்சன்ஜங்கான்னும் சொல்லும். கேள்வியில இது தெளிவா இல்லைன்னா, ஆப்ஷனைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

மூணே மாசத்தில் மூணு பதில்

இந்தியாவில் எத்தனை மாநிலங்கள், எத்தனை யூனியன் பிரதேசங்கள்? 2019 அக்டோபர் 30 வரைக்கும் 29 மாநிலம், 7 யூனியன் பிரதேசம். மறுநாள் ஜம்மு காஷ்மீர் மாநிலம் ரெண்டு யூனியன் பிரதேசமா பிரிஞ்சதால 28, 9. அடுத்த வருஷம் ஜனவரி 26-ல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒண்ணா சேர்ந்ததால 28, 8. மூணு மாசத்துக்குள்ள மூணு பதில்! அந்தச் சமயத்துல அச்சான கைடு புக் எல்லாம் பழைய புத்தகக் கடையில் இன்னும் கிடைக்குது. விலை மலிவுன்னு வாங்கினா, முதல்ல அச்சிட்ட வருஷத்தைப் பாருங்க.

நல்லா க்விஸ் நடத்துறவங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. 'அதிக எழுத்தறிவு உள்ள மாநிலம் எது?'ன்னு மொட்டையா கேட்காம, '2011 சென்சஸ் படி'ன்னு சேர்த்துடுவாங்க. அப்ப கேரளான்னு சண்டையில்லாம சொல்லலாம்.

யாருமே அறிவிக்காத தேசிய விளையாட்டு

வருஷம் மாறினதால தப்பான பதிலைக்கூட மன்னிக்கலாம். என்னைக்குமே சரியா இல்லாத பதில்களும் நம்ம க்விஸ்கள்ல ஜாலியா சுத்திக்கிட்டிருக்கு. தேசிய மொழி இந்தின்னு எத்தனை பேர் அடிச்சு விட்டிருக்காங்க! அரசியலமைப்பின் 343-வது பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழின்னுதான் சொல்லுது. தேசிய மொழின்னு எந்த மொழியையும் சொல்லலை. 2010-ல் குஜராத் உயர் நீதிமன்றமும் அப்படி அறிவிச்சதா எந்த ஆவணமும் இல்லைன்னு சொல்லியிருக்கு. எட்டாவது அட்டவணையில் இப்ப 22 மொழிகள் இருக்கு. 1950-ல் 14 மொழிகள். தமிழ் அந்த 14-லயே உண்டு, ஆங்கிலம் இன்னைக்கு வரைக்கும் கிடையாது.

அடுத்து, தேசிய விளையாட்டு. ஸ்கூல்ல நானும் ஹாக்கின்னு எழுதி மார்க் வாங்கினவதான். ஒலிம்பிக்ல எட்டு தங்கம் ஜெயிச்ச விளையாட்டு, யாருக்கும் சந்தேகமே வராது. 2012-ல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமிக்கு வந்துச்சு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டா. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டா அறிவிக்கலைன்னு விளையாட்டுத் துறை அமைச்சகம் பதில் அனுப்பிச்சு.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: எண் வர்ற கேள்வின்னா பக்கத்துல வருஷத்தையும் சேர்த்து எழுதி வச்சுக்கோ, அரசு ஆவணத்தோட ஸ்கிரீன்ஷாட்டை ஒரு ஃபோல்டர்ல போட்டு வை. தேர்வு முடிஞ்சதும் டி.என்.பி.எஸ்.சி தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல அவகாசம் கொடுக்கும். அப்ப 'நியூஸ்ல பார்த்தேன்'னா வேலைக்கு ஆகாது, ஆதாரத்தைக் காட்டணும்.

போன ஞாயிறு நான் க்விஸ் மாஸ்டர். பத்தாவது கேள்வியா "இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?"னு போட்டேன். ரெண்டே செகண்டுல சித்தப்பாகிட்ட இருந்து "ஹாக்கி", கூடவே ஒரு ஹாக்கி மட்டை எமோஜி. பின்னாடியே அத்தையும் "ஹாக்கி". தம்பி டைப் பண்றான்னு மேல காட்டிக்கிட்டே இருந்துச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு "அப்படி ஒண்ணு அறிவிக்கவே இல்லை"ன்னு வந்துச்சு, கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட்டோட.

பாயின்ட் அவனுக்குத்தான். சித்தப்பா இன்னும் குரூப்ல 'குட் மார்னிங்' போட ஆரம்பிக்கலை.